கயானாவில் நிரம்பினால்தான் வண்டி கிளம்பும்

நேயர்களுக்கு வணக்கம்.

தென் அமெரிக்கப் பயணம் என்றால் பெருவைப் பற்றியும் பிரேசிலைப் பற்றியும் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று நான் எடுத்துக்கொண்டிருப்பது அந்தக் கண்டத்தின் வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் கயானா. 1966இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாடு. தென் அமெரிக்காவில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக வைத்திருக்கும் ஒரே நாடும் இதுதான். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள். பரப்பில் தமிழ்நாட்டைவிடப் பெரியது, ஆனால் மக்கள் எட்டு லட்சம் அளவில்தான். அவர்களிலும் மிகப் பெரும்பாலோர் கடலோரத்து ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிறார்கள். மற்றதெல்லாம் காடு, ஆறு, புல்வெளி.

சுற்றுலா நிறுவனத்தின் துணை இல்லாமல், பஸ்ஸிலும் டாக்சியிலும் இந்த நாட்டைச் சுற்ற முடியுமா என்று கேட்கிறார்கள். தாராளமாக முடியும். அப்படிச் சுற்றுவதுதான் சரி என்றும் சொல்வேன். பலரும் தலைநகர் ஜார்ஜ்டவுனில் இறங்கி, சிறிய விமானம் ஏறி, 226 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கையெட்டூர் அருவியைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அருவி பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அங்கே மனிதர்களைப் பார்க்க முடியாது. மனிதர்களெல்லாம் மினிபஸ்ஸில் இருக்கிறார்கள்.

மினிபஸ் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கதை உண்டு. 1840களிலேயே இங்கே ரயில் ஓடத் தொடங்கியது. ஜார்ஜ்டவுனிலிருந்து கிழக்கே ரோசிக்னால் வரை பாதை வளர்ந்தது. 1970களில் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளம் கிடந்த கரைமேலேயே பின்னால் சாலை போட்டார்கள். ரயில் விட்டுப்போன இடத்தைப் பிடித்துக்கொண்டவை தனியார் மினிபஸ்கள். பெரும்பாலும் டொயோட்டா ஹையேஸ் வேன்கள். ஒவ்வொரு தடத்துக்கும் எண் உண்டு. விமான நிலையம் இருக்கும் டிமேரி பக்கம் போக 42, பாக்சைட் சுரங்க நகரமான லிண்டனுக்கு 43, கிழக்குக் கடலோரத்தில் மகைகா வரை 44, மேற்கே பரிகாவுக்கு 32. ஊர்ப் பெயர் தெரியாவிட்டாலும் எண்ணை வைத்துக் காலம் தள்ளிவிடலாம்.

இந்த வண்டிகள் பலவும் கூடும் இடம் ஸ்டாப்ரோக் மார்க்கெட். இரும்பால் கட்டிய சந்தை, மேலே மணிக்கூண்டு, 1881இல் எழுந்தது. கூண்டில் கடிகாரம் இருக்கிறது, கீழே நிற்கும் பஸ்களுக்கு நேர அட்டவணை கிடையாது. நிரம்பினால் கிளம்பும், அவ்வளவுதான். நம் ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஆள் பிடிப்பவர்கள் உங்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு, "இதோ கிளம்புகிறது" என்று காலி வண்டியில் உட்கார வைக்கப் பார்ப்பார்கள். பையைக் கையிலிருந்து விடாதீர்கள். முக்கால்வாசி நிரம்பிய வண்டியாகப் பார்த்து ஏறுங்கள். சந்தைப் பகுதியில் ஜேப்படிக்காரர்களும் உண்டு, அதனால் ஃபோனை வெளியே எடுத்து வழி தேட வேண்டாம். பக்கத்தில் நிற்கும் ஓர் அம்மாவைக் கேட்டால் ஃபோனைவிடத் தெளிவாகச் சொல்வார்.

ஏறியதும் பொதுவாக ஒரு குட் மார்னிங் சொல்வது அந்தப் பக்கத்து மரியாதை. சொல்லாமல் உட்காருபவரை ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். நாலு பேர் உட்காரும் வரிசையில் ஓரத்து இருக்கை மடக்கு இருக்கையாக இருக்கும். அதில் உட்கார்ந்தால் பின்னாலிருந்து யார் இறங்கினாலும் நீங்களும் எழுந்து வழிவிட வேண்டும். ஜன்னல் பக்கம் போய்விடுவது உத்தமம். காசு கண்டக்டரிடம். ஓர் அமெரிக்க டாலருக்கு 200 கயானா டாலருக்கு மேல் கிடைக்கும், ஆனால் மினிபஸ்ஸில் ஐயாயிரம் நோட்டை நீட்டினால் முகம் சுளிப்பார்கள். சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று கண்டக்டரிடம் கேட்பதைவிடப் பக்கத்துப் பயணியிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். சில ஓட்டுநர்கள் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறார்கள். அடுத்த நிறுத்தத்துப் பயணியைப் போட்டி வண்டிக்கு முன்னால் போய்ப் பிடிக்கிற அவசரம். பயமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். காசு போனால் போகிறது, பின்னாலேயே இன்னொரு வண்டி வரும்.

டாக்சிக்கு வருவோம். வாடகைக் கார்களின் பதிவு எண் எச் என்ற எழுத்தில் தொடங்கும். வண்டி மஞ்சள் நிறம். மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே தொகையைப் பேசிவிட வேண்டும். பகலில் மினிபஸ், இருட்டிய பிறகு டாக்சி என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். தெருவில் கைகாட்டி நிறுத்துவதைவிட, தங்கியிருக்கும் விடுதிக்காரரைச் சொல்லி டாக்சி நிலையத்துக்கு ஃபோன் போட வைப்பது பாதுகாப்பு. எந்த வண்டி வருகிறது என்று எண்ணைச் சொல்வார்கள். விமான நிலையம் நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். நள்ளிரவில் வந்து இறங்கினால் 42ஆம் எண் பஸ்ஸைத் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், நிலையத்து டாக்சியிலேயே போய்விடுங்கள். நீண்ட தடங்களில் நாலைந்து பேர் சேர்ந்து போகும் பங்கு கார்களும் உண்டு. மினிபஸ்ஸைவிடக் கொஞ்சம் கூடுதல், ஆனால் நாலு பேர் சேர்ந்தாலே கிளம்பிவிடும்.

அடுத்தது ஆறுகள். டெமராரா, பெர்பிஸ் இரண்டின் மேலும் மிதவைப் பாலங்கள் போட்டிருந்தார்கள். டெமராரா பாலம் 1978இல் வந்தது. பெரிய கப்பல் போகும்போது நடுப்பகுதியை விலக்குவார்கள், சாலை அடைபடும். எந்நேரம் அடைபடும் என்று பத்திரிகையில் அன்றாடம் அறிவிப்பு வரும். 2025இல் உயரமான புதிய பாலம் திறந்த பிறகு அங்கே அந்தத் தொல்லை ஒழிந்தது. 2008இல் திறந்த பெர்பிஸ் பாலமும் அப்படி விலகிக் கொடுக்கும் மிதவைப் பாலம்தான். ஆகவே கிழக்கே போகும் நாளில் மதியம் இந்த இடம், மாலை அந்த இடம் என்று நெருக்கமாகத் திட்டம் போடாதீர்கள்.

பெர்பிஸைத் தாண்டினால் கொரன்டைன் கரை. எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த சாலை இதுதான். ஒரு பக்கம் நெல்வயல், இன்னொரு பக்கம் கரும்பு, ஊருக்கு ஊர் வாய்க்கால். சில ஊர்களுக்குப் பெயருக்குப் பதில் வெறும் எண்தான். 63ஆம் எண் கிராமம் என்றால் எல்லாருக்கும் தெரியும், அங்கே கடற்கரை இருக்கிறது. பஸ் போகிற வழியில் போர்ட் மொரான்ட் என்று ஒரு கரும்புத் தோட்டத்து ஊர் வரும். மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கிரிக்கெட் ஆடிய ரோஹன் கன்ஹாய், பேசில் புட்சர், ஜோ சாலமன், ஆல்வின் காளிச்சரண் எல்லாரும் இந்த ஓர் ஊர்க்காரர்கள். 1960இல் ஆஸ்திரேலியாவுடன் ஆடிய பிரிஸ்பேன் டெஸ்ட் டையாக முடியக் காரணமான அந்த ரன் அவுட், சாலமன் எறிந்த பந்துதான். கிரிக்கெட் பைத்தியங்கள் இங்கே ஒரு வேளையாவது இறங்காமல் போகக் கூடாது.

நமக்கும் இந்தக் கரைக்கும் ஓர் உறவு உண்டு. 1838 முதல் 1917 வரை இந்தியாவிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்தார்கள். பெரும்பாலோர் கல்கத்தா துறைமுகம் வழியாக வந்த வடக்கத்தியர், ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து வந்தவர்கள். அவர்களின் வழிவந்தவர்களை இன்றும் மதராசி என்கிறார்கள். தமிழ் பேசுவதில்லை. ஆனால் கடைப் பலகையிலும் ஆட்டக்காரர் பட்டியலிலும் பெயர்களைப் பாருங்கள். மேற்கிந்தியத் தீவுகளுக்காக டெஸ்ட் ஆடிய வீராசாமி பெருமாள் பெர்பிஸ்காரர். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்த மோசஸ் நாகமுத்து, இதே சாலையில் இருக்கும் விம் என்ற ஊரில் பிறந்தவர். காளி கோயில்களில் மாரியம்மாவும் மதுரை வீரனும் இருக்கிறார்கள், தப்பு அடிக்கிறார்கள். வழிபாட்டு நாளில் போனால், யார் என்று கேட்பதற்கு முன்பே சாப்பிட உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்தச் சாலையின் முடிவில் மோல்சன் கிரீக். அங்கிருந்து படகேறினால் அக்கரையில் சுரினாம். அது தனிக் கதை, இன்று வேண்டாம்.

தெற்கே போகும் வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜ்டவுனிலிருந்து பிரேசில் எல்லையில் இருக்கும் லெதம் வரை ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். லிண்டன் வரை நல்ல சாலை. அதற்கப்புறம் காட்டுக்குள் செம்மண் பாதை. லிண்டனிலிருந்து மபுரா வரைக்கும் தார் போடும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். லெதம் மினிபஸ்கள் பெரும்பாலும் மாலையில் கிளம்பும், முன்கூட்டியே இடம் சொல்லி வைக்க வேண்டும். வழியில் காவல் சாவடிகளில் இறங்கிக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். 58ஆம் மைல் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவார்கள். தூளி கட்டிப் படுக்கலாம், தூளி இல்லாதவர்களுக்கு வாடகைக்கும் கிடைக்கும். காரணம், குருபுகாரியில் எசகிபோ ஆற்றைக் கடக்க மிதவைதான் வழி. அது பகலில் மட்டும் ஓடும். விடிந்ததும் முதல் மிதவையில் ஏறிவிட வேண்டும் என்பது ஓட்டுநரின் கணக்கு.

ஆற்றைத் தாண்டினால் இவோக்ரமா காடு, ஏறத்தாழ 3,71,000 ஹெக்டேர். 1989இல் கோலாலம்பூரில் நடந்த காமன்வெல்த் தலைவர்கள் மாநாட்டில், இந்தக் காட்டை ஆய்வுக்கும் பாதுகாப்புக்குமாக உலகத்துக்குத் தருகிறோம் என்று அன்றைய அதிபர் டெஸ்மண்ட் ஹோய்ட் அறிவித்தார். பஸ் ஜன்னலிலிருந்து விலங்கு தெரியுமா என்றால், அதிர்ஷ்டம் இருந்தால். தூசி மட்டும் நிச்சயம் தெரியும். மூக்கை மூட ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பையை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள்.

காடு முடிந்தவுடன் ருபுனுனி புல்வெளி சட்டென்று திறக்கும். அன்னாய் பக்கம் இறங்கினால் மகூஷி என்ற பழங்குடி மக்களின் ஊர்களில் தங்கலாம். மே முதல் ஆகஸ்ட் வரை இங்கே மழை. பாதை சேறாகி, வண்டி சிக்கினால் ஒரு நாள் கூடப் போய்விடும். அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஈஸ்டர் சமயத்தில் லெதமில் குதிரையையும் மாட்டையும் அடக்கிக் காட்டும் ரோடியோ திருவிழா உண்டு. அப்போது போவதானால் பஸ்ஸுக்கும் தங்குமிடத்துக்கும் வெகு முன்னரே சொல்லி வைக்க வேண்டும்.

லெதமில் தகுட்டு ஆற்றின் மேல் 2009இல் திறந்த பாலம் இருக்கிறது. கயானாவில் இடப்பக்கம், பிரேசிலில் வலப்பக்கம் என்பதால், பாலத்துச் சாலையையே குறுக்கே வளைத்து வண்டிகளைப் பக்கம் மாற்றிவிடுகிறார்கள். அக்கரையில் போன்ஃபிம், அங்கிருந்து போவா விஸ்டா நகரத்துக்கு நல்ல சாலை. இந்தியக் கடவுச்சீட்டுக்கு பிரேசில் விசா வேண்டும், அதை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 முடிவில் கடலில் எண்ணெய் எடுக்கத் தொடங்கியதிலிருந்து ஜார்ஜ்டவுனில் அறை வாடகை கூடிவிட்டது, சாலையில் கார்களும் கூடிவிட்டன. பஸ் கட்டணம் இன்னும் கைக்கு அடக்கம்தான்.

கடைசியாக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கயானா மஞ்சள் காய்ச்சல் ஆபத்துள்ள நாடு. அங்கிருந்து இந்தியா திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள், பேச்சுக்கே இடமில்லை. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முதலில் விசாரித்துவிட்டுப் போங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்தாருக்கும் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும் நன்றி. வணக்கம்.