ஸ்கீன்ஸின் 10 தோல்விகள் யாருடைய கணக்கு?

வணக்கம் நண்பர்களே. நம் பிட்சர், அதாவது பந்து வீசுபவர், பால் ஸ்கீன்ஸுக்கு 2025ஆம் ஆண்டின் தேசிய லீக் சை யங் விருது கிடைத்துவிட்டது! அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீகில் ஒரு பாதிதான் தேசிய லீக்; அதன் சிறந்த பிட்சருக்கு இந்த விருது. வாக்களித்த 30 பேரும் ஒருவர் விடாமல் அவருக்கே முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பிட்சர் ஒருவர் இந்த விருதை வாங்குவது 1990இல் டக் டிராபெக்குக்குப் பிறகு இப்போதுதான். விருது வாங்கியபோது வயது 23. மனம் நிறைந்திருக்கிறது.

ஆனால் விருது அறிவிக்கப்பட்டதிலிருந்து ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. 10 வெற்றி, 10 தோல்வி என்று கணக்கு வைத்திருப்பவர் எப்படிச் சிறந்த பிட்சர் ஆவார்? இன்று இதைத்தான் பேசப்போகிறேன். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களும் இந்தக் காணொளியைப் பார்ப்பதால் சற்று விளக்கியே சொல்கிறேன்.

பேஸ்பாலில் ஆட்டத்தின் வெற்றியையும் தோல்வியையும் ஒரு பிட்சரின் பெயரில் எழுதுவார்கள். பழைய வழக்கம். தன் அணி பேட்டர்கள் எத்தனை ரன் எடுக்கிறார்கள் என்பது அந்தப் பிட்சரின் கையில் இல்லை; ஆனாலும் தோல்வி அவர் தலையில்தான் விழும். 8 ஓவரில் 20 ரன் மட்டும் கொடுத்த பந்துவீச்சாளரை, அணி 90 ரன்னுக்குச் சுருண்டதற்காகத் தோற்றவர் என்று எழுதிவைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும்.

மே 18ஆம் தேதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிலடெல்பியாவில் பில்லீஸுக்கு எதிரான ஆட்டம். பேஸ்பால் ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் ஒரு அணிக்கு மூன்று அவுட். ஸ்கீன்ஸ் 8 இன்னிங்ஸ் வீசினார். 3 ஹிட் (பேட்டர் பந்தை அடித்து பேஸை அடைவது), 9 ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட் ஆவது), கொடுத்தது ஒரே ஒரு ரன். எதிரணிப் பிட்சர் மிக் ஏபலுக்கு அதுதான் மேஜர் லீகில் முதல் ஆட்டம். அன்றைக்குத்தான் வந்த அந்தப் பையனிடம் 6 இன்னிங்ஸில் ஒரு ரன்கூட எடுக்க முடியாமல் நம் பேட்டர்கள் 9 முறை ஸ்ட்ரைக்-அவுட் ஆனார்கள். முடிவு 1-0. பில்லீஸ் முன்னிலையில் இருந்ததால் ஒன்பதாவது இன்னிங்ஸில் அவர்கள் பேட் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஆகவே 8 இன்னிங்ஸ் வீசியதே முழு ஆட்டமாகக் கணக்கில் ஏறியது. ஸ்கீன்ஸின் வாழ்க்கையில் முதல் முழு ஆட்டம், அதற்குப் பரிசாக ஒரு தோல்வி! எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது அவர் கையில் இருக்கும் எண்களைப் பாருங்கள். 187 இன்னிங்ஸும் அதற்கு மேல் இரண்டு அவுட்டும் வீசி, அவர் கணக்கில் விழுந்த ரன் 41. அதை ஒன்பது இன்னிங்ஸுக்கு வகுத்தால் ஈ.ஆர்.ஏ. 1.97; இது குறையக் குறைய நல்லது. முந்தைய ஆண்டு, அறிமுகப் பருவத்தில், 1.96. ஸ்ட்ரைக்-அவுட் 216, வாக் (தவறான நான்கு பந்துகளால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசமாகக் கிடைப்பது) 42 மட்டுமே. ஸ்ட்ரைக்-அவுட்டும் வாக்கும் பிட்சருக்கும் பேட்டருக்கும் நடுவே முடிந்துபோகிற விவகாரம். ஃபீல்டரின் உதவியோ அதிர்ஷ்டமோ அதில் அதிகம் நுழையாது. அதனால் எந்தப் பிட்சரை எடைபோட்டாலும் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டைத்தான். 2018இல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றி, 9 தோல்வியோடு இதே விருதை வாங்கினார். அப்போது அவருடைய ஈ.ஆர்.ஏ. 1.70. வாக்களிப்பவர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள்.

சரி, தோல்வி யாருடையது? பைரேட்ஸ் 2025 பருவத்தில் எடுத்த ரன் 583. மேஜர் லீகின் 30 அணிகளில் இதுதான் கடைசி. ஹோம் ரன் 117, அதிலும் கடைசி. 71 வெற்றி, 91 தோல்வியோடு தேசிய லீக் மத்தியப் பிரிவின் அடியில் முடித்தோம். ஒனீல் குரூஸ் மே மாதம் அடித்த ஒரு ஹோம் ரன் மட்டையிலிருந்து மணிக்கு 122.9 மைல், அதாவது ஏறக்குறைய 198 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பியது. பந்தின் வேகத்தை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் கருவிகள் வந்த பிறகு பதிவானதிலேயே அதிக வேகம் அதுதான். பருவம் முடிந்தபோது அதே குரூஸின் பேட்டிங் சராசரி .200, அதாவது ஐந்து முறை பேட் பிடித்தால் ஒரு ஹிட். வலிமை இருக்கிறது, பந்து மட்டையில் படுவதுதான் அரிதாக இருக்கிறது.

இங்கேதான் எல்லோரும் கானர் கிரிஃபின் பெயரைச் சொல்கிறார்கள். சொல்லத்தான் வேண்டும். மிசிசிப்பியிலிருந்து வந்த ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர். அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2024 டிராஃப்டில் ஒன்பதாவதாக எடுத்தோம். அப்போது இவருக்குப் பந்தைச் சரியாக அடிக்க வருமா என்ற ஐயம் பலருக்கு இருந்தது. அடுத்த ஆண்டே மேஜர் லீகுக்குக் கீழே உள்ள மைனர் லீகில் மூன்று படிகளில் ஆடிவிட்டார். பேட்டிங் சராசரி .333, ஹோம் ரன் 21, திருடிய பேஸ் 65. இத்தனையும் 19 வயதில்! இந்த வயதில் வலிமையும் ஓட்டமும் ஒன்றாக அமைந்த ஒருவர் நம் அணியில் இருக்கிறார் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

ஆனால் 2026 பருவத்தின் முதல் நாளே அவரை மேஜர் லீகில் களமிறக்கிவிட வேண்டும் என்ற கூச்சலில் நான் சேரமாட்டேன். அந்த மூன்று படிகளில் மேலே உள்ளது நம் ஆல்டூனா அணி. அங்கே அவர் ஆடியது 21 ஆட்டம்தான். பால்டிமோரில் ஜாக்சன் ஹாலிடேக்கு நடந்ததை மறந்துவிடாதீர்கள். அவரும் அப்போது நாட்டின் முதல்நிலை இளம் வீரர். 2024 ஏப்ரலில் 20 வயதில் மேலே வந்தார். முதல் 10 ஆட்டங்களில் 34 முறை பேட் பிடித்து 2 ஹிட், 18 ஸ்ட்ரைக்-அவுட். உடனே கீழே திருப்பி அனுப்பினார்கள். மைனர் லீகில் எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் மேலே உள்ள பிட்சர்கள் வேறு ரகம்.

அதற்காக அணி நிர்வாகம் கையைக் கட்டிக்கொண்டு கிரிஃபினுக்காகக் காத்திருக்கவும் முடியாது. 2024இல் ஆண்டின் சிறந்த புதுமுகம் விருதை வென்றதால் ஸ்கீன்ஸுக்கு ஓர் ஆண்டின் முழுப் பணிக்காலமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நீண்டகால ஒப்பந்தம் எதுவும் போடாவிட்டால் 2029 பருவம் முடிந்ததும் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம். 2026 முதல் எண்ணினால் மீதி நான்கு பருவங்கள். இந்த அணி கடைசியாக ப்ளேஆஃப் ஆடியது 2015இல். கடைசியாக உலகத் தொடரை வென்றது 1979இல். இப்படிப்பட்ட பிட்சர் கையில் இருக்கும்போது நான்கில் ஒன்றைக்கூட வீணாக்கக் கூடாது.

நான் கேட்பது இதுதான். இந்தக் குளிர்காலத்தில், பந்தைத் தெளிவாக அடிக்கத் தெரிந்த இரண்டு அனுபவசாலி பேட்டர்களை வாங்குங்கள். ஒருவர் இடது கையராக இருக்கட்டும்; பிஎன்சி பார்க்கில் வலப்புறச் சுவர் 21 அடி உயரம் என்றாலும் மூலையில் தூரம் 320 அடிதான். இடது கையர் வலுவாக அடிக்கும் பந்து பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும், அவருக்குத் தோதான மைதானம் அது. கைவசம் இளம் பிட்சர்கள் இருக்கிறார்கள், தேவையென்றால் அவர்களில் ஒருவரைக் கொடுத்துக்கூட மாற்றிக்கொள்ளலாம். பப்பா சாண்ட்லரை மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் யாரை வாங்கச் சொல்வீர்கள்? பெயரோடு, அவருடைய ஸ்ட்ரைக்-அவுட் விகிதத்தையும் சேர்த்து எழுதுங்கள். வரும் பெயர்களையெல்லாம் அடுத்த காணொளியில் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுகிறேன்.