காது வலி என்று வருவார்கள், காரணம் ஞானப்பல்லாக இருக்கும்

நேயர்களுக்கு வணக்கம். பல் டாக்டரிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் விரலை வைத்து, "இந்தப் பல்தான்" என்று காட்டிவிடுவார்கள். கீழ் ஞானப்பல்லில் கிருமி பிடித்தவர்கள் அப்படி வருவதில்லை. "காதுக்குள்ள குத்துது" என்பார்கள், "எச்சில் முழுங்கினா தொண்டை வலிக்குது" என்பார்கள். காதைப் பரிசோதித்து அங்கே ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு எங்களிடம் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது தப்பில்லை. கீழ்த்தாடைப் பற்களுக்குப் போகும் நரம்பின் கிளைதான் காதுக்கு முன்னால் உள்ள பகுதிக்கும் போகிறது. வலி எங்கே கிளம்புகிறது என்பதில் மூளையே குழம்பிவிடுகிறது.

ஞானப்பல் பொதுவாக 17 வயதிலிருந்து 25 வயதுக்குள் முளைக்கும். எல்லாப் பல்லும் வந்த பிறகு கடைசியாக வருவதால், தாடையில் அதற்குப் பல பேருக்கு இடம் போதுவதில்லை. பாதி வெளியே வந்து, பாதி ஈறுக்குள்ளேயே நின்றுவிடும். பல்லின் மேல் ஈறு ஒரு மூடிபோலத் தொங்கும். தொல்லை அந்த மூடிக்கு அடியில்தான். அங்கே புகுந்த உணவுத் துணுக்கு தானாக வெளியே வராது, பிரஷ்ஷும் எட்டாது. காற்றுப் படாத இடத்தில் செழிக்கும் கிருமிகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஈறு வீங்குகிறது. வீங்கிய ஈறை மேல்பல் ஒவ்வொரு முறை வாயை மூடும்போதும் கடிக்கிறது. கடிபடக் கடிபட இன்னும் வீங்குகிறது.

சரி, பல் முளைக்கும்போது வலிக்கத்தானே செய்யும், அதற்கும் கிருமி பிடித்ததற்கும் என்ன வித்தியாசம்? முளைக்கிற வலி மந்தமாக இருக்கும், சில நாளில் தணியும். வாய் வழக்கம்போலத் திறக்கும். கிருமி பிடித்தால் ஈறு சிவந்து உப்பியிருக்கும், தொட்டால் துடிக்கும், அழுத்தினால் சீழ் வரும். வாயில் ஒரு கெட்ட ருசி நிற்கும். பல் தேய்த்த பிறகும் நாற்றம் போகாது. தாடைக்குக் கீழே நெறி கட்டும். காய்ச்சலும் வரலாம்.

இவற்றில் நான் அதிகம் நம்புவது வாய் திறப்பைத்தான். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்படி சேர்த்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். பெரியவர்களுக்குச் சாதாரணமாக மூன்றும் நுழையும். நேற்று மூன்று நுழைந்தது, இன்று ஒன்றுதான் நுழைகிறது என்றால், தாடையை அசைக்கும் தசை வரைக்கும் அழற்சி போய்விட்டது என்று அர்த்தம். வலி அவ்வளவாக இல்லையே என்று அப்போது காத்திருக்கக் கூடாது.

ஏனென்றால் வலியை நம்பி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். தேங்கிய சீழ் உடைந்து வாய்க்குள் வடிந்தால், வலி சட்டென்று குறையும். "தானா சரியாயிடுச்சு" என்று விட்டுவிடுவார்கள். அந்த ஈறு மூடி இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும். ஆன்டிபயாடிக் மாத்திரையும் அப்படித்தான்: கிருமியை அடக்கும், அடியில் சிக்கியதை எடுக்காது. போன தடவை மிச்சமான மாத்திரையை எடுத்துப் போடுவது இன்னும் மோசம்.

டாக்டரைப் பார்க்கும்வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கலாம். ஒரு டம்ளருக்கு அரை டீஸ்பூன் உப்பு போதும். வலிக்குப் பாராசிட்டமாலை அதன் அளவு மீறாமல் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்பிரின் மாத்திரையை ஈறில் அடக்கி வைக்காதீர்கள். அது ஈறை வேக வைத்துப் புண்ணாக்கிவிடும். வீங்கிய கன்னத்தில் சூடான ஒத்தடமும் வேண்டாம்.

மருத்துவர் முதலில் ஈறு மூடிக்கு அடியில் மருந்துநீர் செலுத்திக் கழுவுவார். அதிலேயே பலருக்கு நிம்மதி கிடைக்கும். அப்புறம் எக்ஸ்ரே. பல் எப்படிப் படுத்திருக்கிறது, கீழ் உதட்டுக்கு உணர்ச்சி தரும் நரம்பு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று பார்த்துத்தான் எடுப்பதா, ஈறை மட்டும் வெட்டுவதா என்று முடிவாகும். எல்லா ஞானப்பல்லையும் பிடுங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. நேராக முளைத்து, சுத்தம் செய்ய எட்டுகிற பல்லை நான் தொடமாட்டேன்.

இன்னொரு நிலை இருக்கிறது, அதற்கு அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்கொண்டு காத்திருக்க நேரமில்லை. நாக்குக்கு அடியில் உள்ள பகுதி வீங்கி உயர்ந்து நாக்கை மேலே தள்ளுவது, வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, எச்சிலை விழுங்க முடியாமல் வழிய விடுவது, குரல் மாறுவது, மூச்சு வாங்குவது. இதில் எது தெரிந்தாலும், நடு ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். லுட்விக் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1836-இல் விவரித்த நோய் இது. மூச்சுக்குழாய் அடைபட மணிக்கணக்கு போதும். சர்க்கரை நோயாளிகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் இந்த அளவுக்குப் போகும் முன்பே, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலே கிளம்பிவிடுவது நல்லது.

இப்போது வலியே இல்லாமல் பாதி முளைத்த ஞானப்பல்லோடு இருப்பவர்களுக்கு ஒன்று. வாயை அகலத் திறந்துகொண்டு அங்கே தேய்க்கப் பார்க்காதீர்கள். அகலத் திறந்தால் கன்னம் இறுகி, பிரஷ்ஷுக்கு இடம் இருக்காது. வாயைப் பாதி மூடி, சின்னத் தலை உள்ள பிரஷ்ஷைப் பக்கவாட்டில் நுழைத்தால் கடைசிப் பல்லின் பின்பக்கம் வரை போகும்.