தொப்பி ஒரு காலம், வலந்தலை ஒரு காலம்

நேயர்களுக்கு வணக்கம். நான் சேலம் அம்மாபேட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன். அப்பா காலத்திலிருந்து இதுதான் தொழில். ஆடி மாதம் பிறந்தால் ராத்திரித் தூக்கம் போய்விடும், மார்கழியில் விடியற்காலைத் தூக்கம் போய்விடும். வானொலி நிலையத்திலிருந்து அழைத்தபோது ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசச் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். "இல்லைங்க, நீங்க கடையில போட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பீங்களே, அந்த இங்கிலாந்து மேளம், அதைப் பத்திப் பேசுங்க" என்றார்கள். யாரோ போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சரி, பேசிவிடுவோம்.

அதற்குப் பெயர் டிரம் அண்ட் பேஸ். பெயரிலேயே எல்லாம் இருக்கிறது: மேலே மேளம், அடியில் கனத்த தாழ்ந்த ஒலி. 1990-களின் தொடக்கத்தில் லண்டன், பிரிஸ்டல் போன்ற ஊர்களில் பிறந்தது. முதலில் ஜங்கிள் என்றுதான் சொன்னார்கள். ஜமைக்காவிலிருந்து இங்கிலாந்துக்குப் பிழைக்கப் போனவர்கள் தங்களோடு ஒரு பழக்கத்தைக் கொண்டுபோனார்கள். ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி, இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, ஒருவர் மைக் பிடித்து நடுநடுவே பேசுவார். சவுண்ட் சிஸ்டம் என்பார்கள். நம் மைக் செட்தான். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த ஊர்க்காரர்கள் எனக்குப் பங்காளி முறை.

இந்த இசையை ஆல்பம் ஆல்பமாகக் கேட்கிறவன் நான். சுற்றி இருப்பவர்களுக்கும் போட்டுக் காட்டுவேன். பெரும்பாலும் ஒரே புகார்தான் வரும்: "எல்லாம் ஒரே வேகம், ஒரே தடதட." நிமிடத்துக்கு 160 முதல் 180 அடி வரை ஓடும் சங்கதி, அப்படித்தான் தோன்றும். நானே அப்படிச் சொன்னவன்.

1998-இல் அத்தை மகன் ஒருவர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தபோது ஒரு 90 நிமிட கேசட் கொடுத்தார். உள்ளே இருந்தது ரோனி சைஸும் அவருடைய ரெப்ரசென்ட் குழுவும் 1997-இல் வெளியிட்ட 'நியூ ஃபார்ம்ஸ்'. அது இரண்டு சிடி. கேசட்டில் இடம் போதாமல் கடைசிப் பகுதி அறுந்துபோயிருந்தது. அதை ஒரு தெருக்கோயில் பண்டிகையில், மத்தியானம் கூட்டமெல்லாம் கூழ் குடிக்கப் போன நேரமாகப் பார்த்துப் போட்டேன். மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டு ஆட்டினாற்போல் ஒரு சத்தம். பேஸ் எங்கே என்று பெட்டி ஸ்பீக்கர் பக்கம் வால்யூமைத் திருகினேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். அரக்கு கருகும் வாசனை வந்தது. வூஃபர், அதாவது தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர், அதன் காயில் கருகிப் போயிருந்தது.

அப்பா அடிக்கவில்லை. "பாட்டே இல்லாத பாட்டுக்கு ஒரு காயிலாடா?" என்று மட்டும் கேட்டார். அதற்கப்புறம் ரொம்ப நாள் வரை வீட்டில் எதற்கெடுத்தாலும் அந்தக் காயில்தான்.

குழாய் ஸ்பீக்கர் மனிதக் குரலை நாலு தெரு தாண்டி அனுப்புவதற்கு என்று செய்தது. விநாடிக்கு முந்நூறு அதிர்வுக்குக் கீழே அதில் ஏறக்குறைய ஒன்றும் வராது. இந்த இசையின் அடிப்பாகம் ஐம்பதையொட்டி உலாவுகிறது. ஆகவே பாதி இசையைக் கேட்டுவிட்டு முழு இசைக்கும் மார்க் போட்டிருக்கிறேன். இன்றைக்கு செல்போனைக் கையில் பிடித்துக்கொண்டு "ஒரே தடதட" என்று சொல்கிறவர்களும் அதே தப்பைத்தான் செய்கிறார்கள். அந்தப் பொட்டு ஸ்பீக்கரும் குழாய்க்குத் தம்பிதான்.

காயிலை மாற்றிய பிறகு, ஒரு ராத்திரி கடை ஷட்டரை இறக்கிவிட்டு அதே கேசட்டைப் போட்டேன், இந்த முறை பயந்து பயந்து. 'பிரவுன் பேப்பர் பேக்' என்ற உருப்படி. ஆள் உயர வயலின்போல நிற்குமே டபுள் பேஸ், அதன் ஒலிதான் அதில் முன்னால் நிற்கும். ஷட்டர் தகடு உறும ஆரம்பித்தது. பெஞ்சின்மேல் கொட்டி வைத்திருந்த ஸ்க்ரூக்கள் மெல்ல ஊர்ந்து ஓரத்துக்கு வந்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. நான் பொறுக்கவில்லை. பாட்டு முடியட்டும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் தெருத் தவில்காரர். மாமா என்று கூப்பிடுவேன். மற்றவர்களுக்குப் போட்டுக் காட்டினால் மேளத்தோடு சேர்ந்து தொடையில் தட்டப் பார்ப்பார்கள், பத்து விநாடியில் கை ஓய்ந்துவிடும். மாமாவின் கை அவசரப்படவே இல்லை. நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தார். எண்ணிப் பார்த்தால் நிமிடத்துக்கு 85. மேளம் 170-இல் ஓடுகிறது, அவர் சரியாகப் பாதியில் நடக்கிறார்.

"தொப்பி ஒண்ணாங்காலத்துல போகுது, வலந்தலை ரெண்டாங்காலத்துல போகுது. இதுல என்னப்பா குழப்பம்?" என்றார்.

தவிலில் கம்பால் அடிக்கும் பக்கம் தொப்பி, கும்மென்று இருக்கும். விரலில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்கும் பக்கம் வலந்தலை, படபடவென்று பொரியும். இந்த இசையிலும் அதே இரண்டு பக்கம். பேஸ் சாவகாசமாக நடந்துகொண்டிருக்கும், அதன் தலைக்கு மேலே மேளம் இரட்டை வேகத்தில் பறக்கும். எந்தப் பக்கத்தில் காதை வைக்கிறோமோ, அதற்குத் தகுந்தபடி அதே பாட்டு அமைதியாகவும் இருக்கும், ரகளையாகவும் இருக்கும். ஒரே ஆல்பத்தை ஒருவர் தாலாட்டு என்கிறார், இன்னொருவர் இரைச்சல் என்கிறார் என்றால் இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

விசைத்தறி ஓட்டுகிற சித்தப்பா ஒரு கருத்துச் சொன்னார். "பக்கத்துப் பக்கத்துல ரெண்டு தறி ஓடினா ஒண்ணு கொஞ்சம் முந்தும். விலகி விலகிப் போயி ஒரு இடத்துல ரெண்டும் கூடும். அந்தச் சத்தம்தானே இது?" அருமையான காது. இதே ரசனையோடு தொடர்ந்து கேட்பார் என்று பார்த்தால், "நாளெல்லாம் கேக்கறது போதாதா, நிறுத்து" என்று எழுந்து போய்விட்டார். அம்மாபேட்டையில் இந்த இசைக்கு ஆள் சேராததற்கு இதைவிட நியாயமான காரணம் வேண்டாம்.

ஆல்பம் என்ற விஷயத்திலேயே இந்த இசைக்காரர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. இது ராத்திரி ஆட்டத்துக்குப் பிறந்த இசை. புதிதாகச் செய்த பாட்டை டப்பிளேட் என்ற மெத்தென்ற தட்டில் ஒரே ஒரு பிரதி வெட்டி வாங்கி, அன்று ராத்திரியே கூட்டத்தில் சுழலவிடுவார்கள். ஊசி பட்டுப் பட்டுக் கொஞ்ச நாளில் அது தேய்ந்துவிடும். அப்படிப்பட்ட இசையை ஒரு மணி நேரத் தொகுப்பாக்கி வீட்டில் உட்கார்ந்து கேள் என்றால், கேட்பவர்கள் இரண்டு கட்சி ஆகத்தானே செய்வார்கள்? நாங்களும் மைக் செட்டில் ஒரு படத்தின் எல்.பி.யை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டியதில்லை. கூட்டம் கேட்கிற பாட்டுக்கு ஊசியைத் தூக்கித் தூக்கி வைப்போம்.

1995-இல் கோல்டி என்பவர் 'டைம்லெஸ்' என்று ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். சுவரில் ஓவியம் தெளித்துக்கொண்டிருந்த மனிதர். முதல் உருப்படியே 21 நிமிடம். டயான் சார்ல்மேன் என்ற பாடகியின் குரல் நீளமாக, யாரையோ கூப்பிடுவதுபோல் மிதந்து போகும், அடியில் மேளம் கொதித்துக்கொண்டே இருக்கும். தவில் மாமாவுக்கு இதில் ஒரு குறை: "குரல் வந்தா மேளம் அடங்கணும். இவன் அடங்க மாட்டேங்கிறான்." என் தங்கை மகள் ஹெட்போனில் கேட்டாள், அவளுக்கு அந்த அடங்காததுதான் பிடித்திருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த 21 நிமிடம் தங்கம். பின்னால் வரும் மெல்லிய பாட்டுகள் சிலவற்றில் சர்க்கரை ஜாஸ்தி. இந்த இசையையும் ஆல்பமாக உட்கார்ந்து கேட்கலாம் என்று ஊருக்குக் காட்டியது அதுதான், அந்தப் பெருமையை யாரும் எடுத்துவிட முடியாது. அதே கோல்டி 1998-இல் 'சாட்டர்ன்ஸ் ரிட்டர்ன்' என்று இரண்டு சிடி போட்டார். அதில் அம்மாவைப் பற்றிய ஓர் உருப்படி ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடும். விமர்சகர்கள் வாங்கு வாங்கென்று வாங்கினார்கள். நானும் மூன்று முறை உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது முறை தூங்கிவிட்டேன்.

'நியூ ஃபார்ம்ஸ்' 1997-இல் பிரிட்டனில் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குக் கொடுக்கும் மெர்க்குரி பரிசை வாங்கியது. ரேடியோஹெட் குழுவின் 'ஓகே கம்ப்யூட்டர்' அதே பட்டியலில் இருந்தது. அதை விட்டுவிட்டு இதற்கு எப்படிக் கொடுக்கலாம் என்று இன்னும் மூக்கைச் சிந்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் என் கட்சி எது என்று சொல்லத் தேவையில்லை, ஒரு காயில் கொடுத்திருக்கிறேன். இரண்டு வருஷம் கழித்து, 1999-இல், அதே பரிசு தால்வின் சிங்கின் 'ஓகே' ஆல்பத்துக்குப் போனது. தபலாவையும் இந்த வேக மேளத்தையும் ஒரே பந்தியில் உட்கார வைத்தவர் அவர்.

மென்மை வேண்டுமென்றால் எல்டிஜே புக்கெம். 1996-இல் வந்த 'லாஜிகல் ப்ரோக்ரெஷன்' அவர் தொகுத்தது. ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் மச்சானுக்கு இந்த வகையில் இது ஒன்றுதான் பிடிக்கும். ஒருநாள் ராத்திரி ஸ்பீக்கர் பெட்டிகளோடு வேனில் மலை ஏறினோம். இருபது கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல் பனிமூட்டம், இரண்டாவது கியர். வேன் ஊர்ந்துகொண்டிருக்கிறது, பாட்டின் மேளம் பறந்துகொண்டிருக்கிறது. "வண்டி பேஸ்ல போகுது மச்சான்" என்றான். அவனுக்கு நான் எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

சண்டை அதிகம் நடப்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த பெண்டுலம் குழுவின் 'ஹோல்ட் யுவர் கலர்' பற்றித்தான். 2005-இல் வந்தது. மின்னல் வெட்டுப்போல் பளபளவென்று இருக்கும். பழைய ரசிகர்கள் இது டிரம் அண்ட் பேஸே இல்லை என்பார்கள், இளவட்டங்கள் பலர் இந்த வாசல் வழியாகத்தான் உள்ளேயே வந்தார்கள். நம் ஊர்ப் பண்டிகைகளில் பம்பைக்குப் பதிலாகச் செண்டை மேளம் வந்து நிற்கிறதே என்று பெரியவர்கள் முணுமுணுக்கிறார்கள் அல்லவா? பிள்ளைகள் செண்டையைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அதே தகராறு. அந்த ஆல்பம் எனக்கு முதல் நாலு பாட்டு வரைக்கும் ஜோர், அப்புறம் காது சோர்ந்துவிடும்.

மாமா மனசாரப் பாராட்டியது ஒன்றே ஒன்றைத்தான்: ஃபோடெக் 1997-இல் செய்த 'மோடஸ் ஆப்பரண்டி'. வறண்ட ஆல்பம், குரல் கிடையாது, உருகல் கிடையாது. மேளத்தை இழை இழையாகப் பிரித்து வைத்திருப்பார். "இடம் விட்டு வாசிக்கிறான் பாரு" என்றார் மாமா. நேரில் வாசிக்கவில்லை, கம்ப்யூட்டரில் கோர்த்தது என்றேன். நம்பவில்லை. அதனால் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

1969-இல் அமெரிக்காவில் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஒரு சின்னத் தட்டு வெளியிட்டது. அதன் பின்பக்கத்தில் 'ஆமென், பிரதர்'. நடுவில் மற்ற வாத்தியமெல்லாம் நின்றுவிட, கிரெகரி கோல்மன் என்ற டிரம்ஸ்காரர் மட்டும் நாலு ஆவர்த்தனம் வாசிக்கிறார். ஏழு விநாடி இருக்கும். முதல் இரண்டும் நேர் நடை. மூன்றாவதில் ஓர் அடியைத் தள்ளிப் போடுகிறார். நாலாவதில் முதல் அடியே இல்லை, இடத்தைக் காலியாக விட்டுவிட்டு உள்ளே நுழைகிறார்.

இருபது வருஷம் கழித்து இங்கிலாந்துப் பையன்கள் இதை சாம்பிளர் பெட்டியில் ஏற்றினார்கள். ஒலியை விழுங்கிவிட்டு, கட்டையை அமுக்கினால் திருப்பிக் கக்கும் பெட்டி அது. ஏழு விநாடியைத் துண்டு துண்டாக வெட்டி, முன்னதைப் பின்னதாக மாற்றி, வேகத்தையும் ஏற்றினார்கள். மூலத்தின் நடை நிமிடத்துக்கு 136 அளவில் இருக்கும். நிமிடத்துக்கு 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 45-இல் ஓட்டினால் எப்படி இருக்கும் என்று மைக் செட்காரன் பிள்ளைகளுக்குத் தெரியும், குரலெல்லாம் கீச்சென்று ஆகிவிடும். அந்தக் கணக்கில் 136 என்பது 180-ஐத் தாண்டும். தோலின் சத்தமும் இறுகி மேலே ஏறும். இந்த இசையில் எண்ண முடியாத அளவு பாட்டுகள் அந்த ஒரே ஏழு விநாடியிலிருந்து வெட்டியவை.

மாமா அதை என் செல்போனில் போடச் சொன்னார். வேண்டாம், பெட்டியில் கேளுங்கள் என்று ஆம்ப்ளிபையரைப் போட்டேன். ஆறேழு முறை கேட்டார். நாலாவது ஆவர்த்தனம் வரும்போதெல்லாம் அவர் கை அந்தக் காலி இடத்தில் காற்றில் நின்றது.

"இத்தனை பாட்டுக்கு எடுத்திருக்காங்களே, வாசிச்சவருக்கு என்ன கூலி கொடுத்தாங்க?"

ஒன்றும் இல்லை என்றேன். கோல்மன் 2006-இல் வறுமையில் செத்துப்போனார். 2015-இல் ரசிகர்கள் பணம் திரட்டி, குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். கோல்மன் கைக்கு எதுவும் வந்ததில்லை.

மாமா கூடுகளை விரலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம் வாசல் வரைக்கும் போனவர் திரும்பி, "இந்த ஆடிக்கு உன் செட்டோட சேர்த்து என்னைப் பேசியிருக்காங்கல்ல? என் பணத்தை முழுசா முன்னாடியே வாங்கி வச்சிரு மாப்ளே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வணக்கம்.