கணக்குப் புத்தகத்துக்குக் கடைசியில்தான் தெரியும்

நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணித் தலைவர் அவர்களே, கையோடு கணக்குப் புத்தகத்தைக் கொண்டுவந்திருக்கும் எதிரணியினரே, அமெரிக்கன் ஃபுட்பால் சீசனில் ஒரு சனிக்கிழமையை எங்களுக்கு விட்டுக்கொடுத்து வந்திருக்கும் மிச்சிகன் வாழ் தமிழ்ச் சொந்தங்களே, எல்லாருக்கும் வணக்கம். முழுசாக விட்டுக்கொடுத்துவிட்டீர்கள் என்று நான் நம்பவில்லை. மூன்றாவது வரிசையில் ஒருவர் போனைக் குனிந்து பார்த்துத் தலையில் கை வைப்பது எதற்கென்று இந்த மேடைக்குத் தெரியும்.

தலைப்பு இது: கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநரின் தலைமையை எடைபோடத் தகுந்தது நிர்வாகத்தின் கணக்கா, ரசிகரின் குரலா? ரசிகரின் குரலே என்று பேச வந்திருக்கிறேன். அத்லெடிக் டைரக்டர் என்ற அந்தப் பதவியை இங்கே எல்லாரும் சுருக்கி ஏ.டி. என்றுதான் சொல்கிறோம், நானும் அப்படியே சொல்கிறேன். கோச்சை வைப்பது, எடுப்பது, டிக்கெட் விலை, ஸ்டேடியம், நன்கொடை எல்லாமே அந்த நாற்காலியின் பொறுப்பு.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 29 விளையாட்டு. ரசிகனுக்குத் தெரிந்தது ஃபுட்பால் ஒன்று, கூடைப்பந்து அரை. ஜெயித்தால் தோளில் தூக்குவான், தோற்றால் தலையைக் கேட்பான். அவன் கையிலா தராசைக் கொடுப்பது?" என்றார். கைதட்டல் பலமாக விழுந்தது. நானும் தட்டினேன், மேடை நாகரிகம்.

சாட்சியும் வைத்தார். 2020-ஆம் ஆண்டு, கொரோனா சீசன். மிச்சிகன் இரண்டு ஆட்டம் ஜெயித்து நான்கு தோற்றது. ஃபுட்பால் கோச் ஜிம் ஹார்பாவை வீட்டுக்கு அனுப்பு என்று ஊரே கத்தியது. ஏ.டி. வார்ட் மானுவல் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சம்பளத்தை வெட்டி, புது ஒப்பந்தம் போட்டு, அவரையே வைத்துக்கொண்டார். அடுத்த வருடமே பரம எதிரியான ஒஹாயோ ஸ்டேட்டை 42-27 என்று அடித்தார்கள். 2024 ஜனவரி 8-இல் ஹியூஸ்டனில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வீழ்த்தி தேசிய சாம்பியன். "எங்கே போனது ரசிகன் குரல்?" என்று கேட்டார் அண்ணன்.

நியாயமான கேள்வி. அந்த விஷயத்தில் கத்தியவர்கள் தோற்றார்கள், மானுவல் ஜெயித்தார். ஆனால் அண்ணே, அது கோச்சைப் பற்றிய தீர்ப்பு. யாரை வைத்தால் ஆட்டம் ஜெயிக்கும் என்பது தொழில் தெரிந்தவர் வேலை. கேலரியில் பாப்கார்ன் சாப்பிடுகிறவர் அதைச் சொல்ல முடியாது என்பதை நானே இந்த மேடையில் எழுதிக் கொடுக்கிறேன். இன்றைய தலைப்பு கோச் இல்லை, ஏ.டி. அவர் வந்தவர்களை எப்படி நடத்துகிறார், சொன்னதைச் செய்கிறாரா, இருபது வயதுப் பிள்ளைகளை யார் பொறுப்பில் விட்டிருக்கிறார்? இதற்கு அந்தக் கேலரியைவிட நெருக்கமான சாட்சி எங்கே இருக்கிறது?

மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் அதே ஆன் ஆர்பரிலிருந்தே காட்டுகிறேன். மானுவலுக்கு முன்னால், 2010-இல் ஏ.டி. ஆனவர் டேவ் பிராண்டன். காகிதத்தில் பார்த்தால் இவரைப்போல் இன்னொருவரைச் செய்து வைத்தால்கூட வரமாட்டார். மிச்சிகனிலேயே படித்தவர், பேர்போன பழைய ஃபுட்பால் கோச் போ ஷெம்பெக்லரின் அணியில் இருந்தவர், பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் எட்டு வருடம் இருந்தவர், டோமினோஸ் பீட்சாவின் தலைமை நிர்வாகி. எதிரணியினர் கேட்கும் அத்தனை தகுதியும் இருந்தது. கணக்கும் அப்படித்தான். அவர் காலத்து பட்ஜெட்டுகள் உபரியோடு வந்தன, கட்டடங்கள் எழுந்தன, லக்ராஸ் என்ற விளையாட்டுக்கு ஆண், பெண் இரண்டு அணிகளும் அவர் காலத்தில்தான் சேர்ந்தன. புத்தகத்தை மட்டும் படித்தால் சிலை வைக்க வேண்டிய மனிதர்.

கேலரியில் என்ன நடந்தது? மாணவர் சீசன் டிக்கெட் ஏறிக்கொண்டே போய் 2014-இல் 295 டாலர் ஆனது. சீனியர் மாணவருக்கு நல்ல இடம் என்று காலங்காலமாக இருந்த முறையை 2013-இல் எடுத்துவிட்டு, முன்னால் வந்தவர் முன்னால் உட்காரட்டும் என்றார்கள். மாணவர்கள் கொதித்ததும் அடுத்த வருடம் பின்வாங்கினார்கள். ஸ்டேடியத்துக்கு வெளியே ராட்சத மக்ரோனி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆமாம் ஐயா, மக்ரோனி, விளம்பரத்துக்கு. ஈஸ்ட் லான்சிங்கில் எதிரி மிச்சிகன் ஸ்டேட்டின் ஸ்டேடியத்துக்கு மேலே விமானத்தை விட்டு வானத்தில் 'கோ ப்ளூ' என்று நம் அணியின் கோஷத்தை எழுதினார்கள். எழுதிய செலவில் எத்தனை மாணவரை உள்ளே விட்டிருக்கலாம் என்று அப்போதே கேட்டவர்கள் ரசிகர்கள்தான்.

இதையெல்லாம் 2012-லும் 2013-லும் அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அப்போது புத்தகம் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, எதிரணியினர் இதைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும். நம் வாடிக்கையான ஓட்டலில் இட்லி கல்லாக இருந்தால் என்ன செய்வோம்? சத்தம் போடாமல் எதிர்க்கடைக்குப் போய்விடுவோம். கல்லா சாயங்காலமே காட்டிக்கொடுத்துவிடும். மிச்சிகன் ரசிகர் டிக்கெட் விலை ஏறிவிட்டது என்று ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போவாரா? செத்தாலும் போகமாட்டார்! அவருக்கு எதிர்க்கடை கிடையாது. அப்பாவோடு உட்கார்ந்த அதே பெஞ்சில் உட்கார்ந்து, பணத்தையும் கட்டி, வாய்விட்டுத் திட்டுவார். பணம் வந்துகொண்டிருப்பதால் புத்தகம் எல்லாம் சுகம் என்கிறது. திட்டு மட்டும்தான் உண்மை நிலவரம். அவர் திட்டுவதை நிறுத்திவிட்டு வராமலே இருக்கத் தொடங்கும்போதுதான் புத்தகத்துக்குச் சேதி எட்டும். அதற்குள் காரியம் கெட்டிருக்கும்.

கெட்டது. 20,000-ஐ ஒட்டி இருந்த மாணவர் சீசன் டிக்கெட் 2014-இல் 12,000 அளவுக்கு வந்துவிட்டது. 1975 முதல் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சம் பேருக்குக் குறையாமல் நிறைந்த ஸ்டேடியம் அது. அந்தத் தொடர்ச்சியைக் காப்பாற்றத் தடுமாற வேண்டியதாயிற்று. அந்தச் செப்டம்பரில் கடையில் இரண்டு கோக் வாங்கினால் மின்னசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்று ஒரு திட்டம் வெளியே வந்து, கூச்சல் கிளம்பியதும் காணாமல் போனது. பீட்சா கம்பெனியிலிருந்து வந்தவர் கோக்கை இலவசமாகக் கொடுத்து டிக்கெட்டை விற்றிருந்தால்கூடப் புரிந்திருக்கும். இங்கே கோக்கை விற்று டிக்கெட்டை இலவசமாகக் கொடுத்தார்கள்!

சரி, சிரித்தாயிற்று. அதே மின்னசோட்டா ஆட்டத்துக்கு வருகிறேன், 2014 செப்டம்பர் 27. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவர் குவார்ட்டர்பேக். மிச்சிகனின் இளம் குவார்ட்டர்பேக் தலையில் பலமாக அடி வாங்கினார். எழுந்தவர் நிற்க முடியாமல் தள்ளாடி, சக ஆட்டக்காரர் மேல் சாய்ந்ததை டிவியில் நாடே பார்த்தது. அவரை மறுபடியும் ஆடவிட்டார்கள். அப்போது அந்த ஸ்டேடியம் 'பூ' என்று ஊளையிட்டது. அண்ணே, நீங்கள் ஜெயித்தால் மாலை தோற்றால் தலை என்று சொன்னீர்களே, அந்த ஊளை தோல்விக்காக இல்லை. அந்தப் பையனை வெளியே எடு என்று தங்கள் சொந்த அணியைப் பார்த்து, தங்கள் சொந்த ஸ்டேடியத்தில் கத்தினார்கள். கோச் பிராடி ஹோக் திங்கட்கிழமை பத்திரிகையாளர்களிடம், மூளை அதிர்ச்சி என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். அன்று நள்ளிரவு தாண்டி ஏ.டி. பெயரில் ஓர் அறிக்கை வந்தது, லேசான அதிர்ச்சி இருந்திருக்கக்கூடும் என்று. இரண்டு நாளைக்கு முன்பே கேலரிக்குத் தெரிந்ததை அலுவலகம் ஒப்புக்கொள்ள நள்ளிரவு தேவைப்பட்டது. இது எந்தக் கணக்கில் வரும்? வரவிலா, செலவிலா?

செப்டம்பர் 30 சாயங்காலம் மாணவர்கள் வளாகத்தின் நடுவே டையக் என்ற திடலில் கூடி, பல்கலைக்கழகத் தலைவர் மார்க் ஷ்லிஸல் வீடு வரைக்கும் நடந்தார்கள். ஏ.டி. பதவி விலகக் கோரிய மனுவில் கையெழுத்து பத்தாயிரத்தைத் தாண்டியது. அக்டோபர் கடைசியில், மனம் நொந்து எழுதிய ரசிகர்களுக்கு ஏ.டி. அனுப்பிய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. குடிப்பதை நிறுத்திவிட்டுப் போய்ப் படு என்று ஒருவருக்கு. வேறு அணியைத் தேடிக்கொள் என்று இன்னொருவருக்கு. எதிர்க்கடையே இல்லாதவரிடம் எதிர்க்கடைக்குப் போ என்று சொல்லிவிட்டார் பாருங்கள்! அக்டோபர் 31-இல் ராஜினாமா. மாணவர் டிக்கெட் அடுத்த வருடம் 175 டாலர். கூச்சல் போட்டவர்கள் கேட்டதில் அநியாயம் இருந்திருந்தால், நிர்வாகம் ஏன் ஒரே வீச்சில் 120 டாலரைக் குறைத்தது? இடித்துச் சொல்ல ஆள் இருந்தும் கேட்காத தலைமை அது.

டெக்சாஸ் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணியைத் தொட்டுப் பார்க்கிறார். ஆஸ்டினில் டெலாஸ் டாட்ஸ் முப்பது வருடத்துக்கு மேல் ஏ.டி. அவருக்குப் பின் 2013 கடைசியில் ஸ்டீவ் பேட்டர்சன் வந்தார். 2014-இல் அணி ஆறு ஜெயித்து ஏழு தோற்றது, அதற்கப்புறம் டிக்கெட் விலையை ஏற்றினார். 2015 செப்டம்பரில் அவர் பதவியில் இல்லை. வியாபாரம் தெரிந்த ஆள் என்றுதான் கூட்டி வந்தார்கள்.

இப்போது எதிரணியின் பிரம்மாஸ்திரம், டென்னசி. அதைத் தொடாமல் போனால் நான் பயந்துவிட்டேன் என்று சொல்வீர்கள். 2017 நவம்பர் 26, ஏ.டி. ஜான் கரி, கிரெக் ஷியானோவை கோச்சாக்க ஒப்பந்தம் வரைக்கும் போய்விட்டார். சேதி கசிந்ததும் டென்னசி பல்கலைக்கழகம் இருக்கும் நாக்ஸ்வில்லில் ஊர் திரண்டது. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சிறுவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமை விவகாரத்தோடு சேர்த்து ஷியானோ மேல் ஒரு பேச்சு ஓடியது. அவர் மறுத்தார், அது நிரூபிக்கப்படவும் இல்லை. அந்த மனிதருக்கு அன்று நியாயம் நடந்ததா என்று என்னைக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன், என் அணிக்காரர்கள் முறைத்தாலும் பரவாயில்லை. அன்றைக்கே ஒப்பந்தம் கைவிடப்பட்டது. டிசம்பர் 1-இல் கரியை ஒதுக்கி வைத்து, 1998-இல் சாம்பியன் ஆக்கிய பழைய கோச் ஃபிலிப் ஃபுல்மரை ஏ.டி. ஆக்கினார்கள். அவர் ஜெரமி ப்ரூயிட்டைக் கோச்சாகக் கொண்டுவந்தார். 2021 ஜனவரியில் ப்ரூயிட் விதிமீறலுக்காகப் பணிநீக்கம், ஃபுல்மரும் விலகினார். 2023-இல் கல்லூரி விளையாட்டுகளை மேற்பார்க்கும் என்.சி.ஏ.ஏ. விதித்த அபராதம் 80 லட்சம் டாலருக்கு மேல். "பார், உங்கள் ரசிகர் தீர்ப்பு எங்கே கொண்டுவந்து விட்டது" என்பார்கள்.

ஐயா, ரசிகர்கள் சொன்னது 'வேண்டாம்' என்ற ஒரு சொல். 'இவர் வேண்டும்' என்று ப்ரூயிட்டுக்குக் கையெழுத்துப் போட்டது யார்? அலுவலகம். நான் முதலிலேயே சொன்னேன், கோச்சைத் தேர்வது எங்கள் வேலை இல்லை. ஃபுல்மர் மேல் இருந்த பாசத்தில் கண்ணை மூடிக்கொண்டோம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனால் நீங்கள் தூக்கிப் பிடிக்கும் புத்தகம் அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தது? ஆட்டக்காரர் குடும்பங்களுக்கு ரொக்கமாகக் கைமாறிய பணம் எந்தப் பேரேட்டில் ஏறும்?

இன்னொன்றையும் பிரித்துச் சொல்ல வேண்டும். 2025 அக்டோபரில் எல்.எஸ்.யு., அதாவது லூயிசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், தன் கோச் பிரையன் கெல்லியை நீக்கியது. கொடுக்க வேண்டிய பாக்கி ஐந்து கோடி டாலருக்கு மேல். அடுத்த கோச்சை ஏ.டி. ஸ்காட் உட்வர்ட் தேர்ந்தெடுக்கமாட்டார் என்று லூயிசியானா ஆளுநரே செய்தியாளர் கூட்டத்தில் சொன்னார். மறுநாள் ஏ.டி.யும் பதவியில் இல்லை. தயவுசெய்து அதை எங்கள் கணக்கில் எழுதாதீர்கள். ஆளுநரின் குரல் வேறு, பெட்டி நிறைய நன்கொடை கொடுப்பவரின் குரல் வேறு, மேல் வரிசையில் குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் குரல் வேறு. முதல் இரண்டும் அலுவலகத்துக்கு எப்போதும் கேட்கும்.

மணி அடித்துவிட்டது. ஒரே ஒரு கேள்வி. எனக்குப் பின்னால் வரப்போகும் எதிரணி அக்கா இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்டது. முதல் வருட உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். அதற்குப் பணம் எங்கே என்று பார்த்த டென்னசி ஏ.டி. டேனி வைட், 2025 சீசன் டிக்கெட் விலை உயர்வோடு 'டேலண்ட் ஃபீ' என்று 10 சதவீதத்தையும் சேர்த்தார். அதாவது அக்கா, மேல் வரிசைக்காரர் இன்றைக்கு டிக்கெட்டும் வாங்குகிறார், ஆட்டக்காரர் சம்பளத்திலும் பங்கு கட்டுகிறார். அந்தப் 10 சதவீதத்தை உங்கள் புத்தகத்தில் வரவு என்று எழுதிக்கொண்டீர்கள். கட்டியவர் ஏ.டி.யைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதை எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள்?

அக்கா மைக் பக்கம் வந்துவிட்டார்கள். வணக்கம்.