ஒரு புள்ளடி, ஏழு பேர்

நேயர்களுக்கு வணக்கம். "ஆள் நல்லவர், கட்சியை நினைச்சாத்தான் கை கூசுது." தேர்தல் காலத்தில் மூதூர் இறங்குதுறையிலும் திருகோணமலைச் சந்தையிலும் விழுகிற பேச்சு இது. பாராளுமன்றத் தேர்தலில் அந்தக் கூச்சத்துக்கு நல்ல காரணம் இருக்கிறது.

எங்கள் திருகோணமலை மாவட்டத்துக்கு 4 ஆசனங்கள். அதோடு 3 கூட்டி ஒவ்வொரு கட்சியும் சுயேச்சைக் குழுவும் 7 பேரை நிறுத்தும். வாக்குச்சீட்டில் அவர்களின் பெயர் இராது. கட்சிப் பெயர், சின்னம், கீழே வேட்பாளர் இலக்கங்கள், அவ்வளவுதான். முதற் புள்ளடி கட்சிக்கு. பிறகுதான் அந்தக் கட்சியின் வேட்பாளர்களில் பிடித்தவர்களின் இலக்கத்துக்கு இடும் விருப்பு வாக்கு, கூடினால் 3. சின்னத்தை விட்டுவிட்டு, பிடித்தவரின் இலக்கத்துக்கு மட்டும் புள்ளடி இட்டால் சீட்டே நிராகரிக்கப்படும்.

மனச்சாட்சிக்கு வேலை இங்கேதான். ஆசனத்தைக் கொண்டுவருவது கட்சி வாக்கு. அதில் யார் அமர்வது என்பதைத் தீர்ப்பது விருப்பு வாக்கு. கட்சிக்கு ஓர் ஆசனமே கிடைத்து, உங்கள் ஆள் விருப்பு வாக்கில் மூன்றாவதாக நின்றால், உங்கள் புள்ளடி கொழும்புக்கு அனுப்புவது முதலாவதாக வந்தவரை. அவரை நீங்கள் திண்ணையில்கூட இருத்தமாட்டீர்கள் என்றாலும் கணக்கு அதுதான். மாவட்டத்தில் கூடிய வாக்கெடுத்த கட்சிக்குப் போனஸ் ஆசனம் ஒன்று போக, மிச்சம் 3 மட்டுமே விகிதாசாரத்தில் பிரியும். 5 வீதம் எட்டாத குழுவின் வாக்குகள் அந்தப் பங்கீட்டிலேயே சேராது.

ஆகவே வேட்பாளர் பட்டியலை எடுத்து, நீங்கள் மெச்சுகிறவரின் பெயரை விரலால் மறையுங்கள். மற்ற 6 பேரில் யார் போனாலும் பொறுப்பீர்களா? முன்னாள் உறுப்பினரென்றால் பாராளுமன்ற உரைகளின் பதிவான ஹன்சாட்டைப் புரட்டி, காணிப் பிரச்சினைக்கும் மீனவருக்கும் என்ன பேசினார் என்று தேடுங்கள். திருவிழாவில் பொன்னாடை போர்த்திய படம் அதற்கு ஈடாகாது. நீங்கள் மெச்சுகிறவர் விட்ட பிழையை எதிரணிக்காரர் விட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதும் நல்ல உரைகல். பெரும்பாலும் அதில்தான் அபிமானம் பிடிபடும்.

கட்சி சரி, ஆட்களில் எவரும் வேண்டாமென்றால் விருப்பு வாக்கை வெறுமையாக விடலாம், சீட்டு செல்லும். 3க்கு மேல் இட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் கெடும், கட்சி வாக்கு நிற்கும். ஒரு கட்சிக்குப் புள்ளடி இட்டுவிட்டு, வேறு கட்சியில் நிற்கும் தமக்குப் பிடித்தவரை நினைத்து 5ஆம் இலக்கத்தைக் குறிப்பவர்களும் உண்டு. அந்த விருப்பு வாக்கு நீங்கள் புள்ளடியிட்ட கட்சியின் 5ஆம் இலக்கக்காரருக்கே போய்ச் சேரும்.