வியட்நாம் சூப்புக்கு ஏன் இவ்வளவு கோபம்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். போன வாரம் வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சின்னதாக ஒரு சமையல் சேனல் நடத்துகிறாராம். அவர் எழுதியதை அப்படியே வாசிக்கிறேன்.

"ஐயா, அமெரிக்காவில் ஹாஃப் பேக்ட் ஹார்வெஸ்ட் என்ற பெயரில் சமையல் குறிப்பு போடும் பெண்ணை, வியட்நாம் சூப் ஒன்றைத் தப்பாகச் செய்துவிட்டார் என்று திட்டித் தீர்த்தார்களாமே. ஒரு சூப்புக்கு இவ்வளவு கோபமா? நாம் கோபி மஞ்சூரியன் செய்கிறோம், செஸ்வான் தோசை விற்கிறோம். எந்தச் சீனர் வந்து நம்மோடு சண்டை போட்டார்? என் சேனலில் நான் அந்த ஃபோ சூப்பைச் செய்து காட்டலாமா, கூடாதா?"

நல்ல கேள்வி அம்மா. கடைசியில் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் எப்படிச் செய்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும்.

நடந்ததை முதலில் சொல்கிறேன், எல்லோரும் படித்திருக்க மாட்டீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் டீகன் ஜெரார்ட். கொலராடோ மலைப்பகுதியில் இருக்கிறார். 2012-ல் தொடங்கி, இன்று 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அவரைப் பின்தொடர்கிறார்கள், புத்தகங்களும் வந்துவிட்டன. உழைப்பாளி, அதில் சந்தேகமே இல்லை. 2021 பிப்ரவரியில் 'வார நாளில் சட்டென்று செய்யும் ஃபோ கா' என்று ஒரு குறிப்பு போட்டார். ஃபோ கா என்றால் கோழி ஃபோ. அதைப் பார்த்த வியட்நாமிய அமெரிக்கர்கள், 'இது நூடுல்ஸ் சூப், நன்றாகக்கூட இருக்கலாம், ஆனால் ஃபோ இல்லை' என்றார்கள். யாரையும் புண்படுத்த நினைக்கவில்லை, இனிமேல் இன்னும் விசாரித்துச் செய்கிறேன் என்று அவர் மன்னிப்புக் கேட்டார். குறிப்பின் பெயரையும் மாற்றினார். காரமான சூப்பில் எள்ளுக் கோழியும் நூடுல்ஸும் என்கிற மாதிரி ஒரு பெயர் வந்தது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2023-ல் 'பான் மி ரைஸ் பவுல்' (பான் மி சோற்றுக் கிண்ணம்) என்று இன்னொன்று வந்தது. பான் மி என்பது மொறுமொறுப்பான ரொட்டியைப் பிளந்து, ஊறுகாய் போட்ட கேரட், முள்ளங்கி, கொத்தமல்லி, இறைச்சி எல்லாம் வைத்துச் சாப்பிடுவது. ரொட்டியை எடுத்துவிட்டுச் சோற்றை வைத்தால் பான் மியில் என்ன மிச்சம்? இரண்டாம் தடவையும் இதே என்றதும்தான் நிறையப் பேருக்குப் பொறுமை போனது.

ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். அந்தச் சாக்கில் அவருடைய உடம்பையும் குடும்பத்தையும் பற்றி அசிங்கமாகப் பேசியவர்கள் உண்டு. அதெல்லாம் விமர்சனமே இல்லை. நான் பேசுவது சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களை மட்டும்.

சரி, ஃபோவில் அப்படி என்ன இருக்கிறது? புதுச்சேரியில் என் நண்பர் ஒருவரின் பாட்டி இருந்தார். தெற்கு வியட்நாமின் சைகோனில் பிறந்தவர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரித் தமிழர்கள் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போனார்கள், கடை வைத்தார்கள், அங்கேயே கல்யாணமும் செய்தார்கள் என்று புதுச்சேரி பற்றிய பேச்சில் சொன்னேனே, அப்படி ஒரு குடும்பம். அந்தப் பாட்டி சூப் வைக்கிற நாளில் காலையிலேயே அடுப்படியில் தீய்ந்த வாசனை வரும். இஞ்சியையும் முழு வெங்காயத்தையும் தோலோடு நெருப்பில் காட்டுவார். மேல்தோல் கரிக்கட்டையாகும் வரை திருப்பித் திருப்பிப் போடுவார். அப்புறம் குழாயடியில் நீட்டி, கத்தியின் பின்பக்கத்தால் கருப்பைச் சுரண்டி எடுப்பார். உள்ளே இஞ்சி மினுமினுவென்று, பாதி வெந்து இனிப்பாக இருக்கும். எலும்பை ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிக் கழுவி, மறுபடி புதுத் தண்ணீரில் போடுவார். நுரை மேலே வர வர எடுத்துக்கொண்டே இருப்பார். நான் ஏதாவது பேச்சுக் கொடுத்தால், கரண்டியால் நுரையை எடுத்தபடியே பதில் சொல்வார், முகத்தைத் திருப்ப மாட்டார். பட்டை, கிராம்பு, கருப்பு ஏலக்காய், தனியா, அன்னாசிப்பூ எல்லாம் வெறும் வாணலியில் வறுத்துத் துணியில் கட்டிப் போடுவார். கொஞ்சம் கற்கண்டு, கடைசியில் மீன் சாஸ். பல மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் ஊற்றினால் அடியில் இருக்கும் அரிசி நூடுல்ஸ் தெரியும், அவ்வளவு தெளிவு. அந்தத் தெளிவுக்காகத்தான் காலையிலிருந்து அத்தனை பாடு.

இதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஃபோ ரொம்பப் பழைய உணவு இல்லை. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால், வடக்கே நாம் தின், ஹனோய் பக்கம் உருவானது. பிரெஞ்சுக்காரர்கள் மாட்டிறைச்சி சாப்பிட, மிஞ்சிய எலும்பு சந்தைக்கு வந்தது, தெருவில் கூடை தூக்கி விற்றவர்கள் அதைச் சூப்பாக்கினார்கள் என்று சொல்வார்கள். 1954-ல் நாடு இரண்டானபோது வடக்கிலிருந்து 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே போனார்கள். சூப்பும் கூடவே போனது. தெற்கே போனதும் அதில் முளைகட்டிய பயறு சேர்ந்தது, துளசி மாதிரியான இலைகள் சேர்ந்தன. 1975-ல் சைகோன் வடக்குப் படையிடம் விழுந்ததும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார்கள். கலிபோர்னியாவில் வெஸ்ட்மின்ஸ்டர், சான் ஹோசே பக்கம் ஃபோ கடைகள் வந்தன. கையில் எதுவும் இல்லாமல் வந்தவர்கள் முதலில் வைத்த கடைகளில் நிறைய இந்தச் சூப்புக் கடைகள். பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் அந்த வருமானம்தான். அதே பிள்ளைகள் பள்ளிக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோனால் 'என்ன நாற்றம்' என்று கேட்டார்கள். அந்தப் பிள்ளைகள்தான் பெரியவர்களாகி 2021-ல் அந்தக் குறிப்பைப் பார்க்கிறார்கள்.

எந்த நேரத்தில் பார்க்கிறார்கள் என்பதும் முக்கியம். கொரோனாவைச் சொல்லி அமெரிக்கத் தெருக்களில் ஆசிய முகம் கொண்ட முதியவர்களை அடித்துத் தள்ளிய மாதங்கள் அவை. அடுத்த மாதமே, மார்ச் 16 அன்று, அட்லாண்டாவில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அதில் ஆறு பேர் ஆசியப் பெண்கள். 'எங்கள் சாப்பாடு வேண்டும், நாங்கள் வேண்டாமா?' என்று ஒருவர் கேட்டால், அவர் சூப்பைப் பற்றியா கேட்கிறார்?

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. 'சுருக்கமாகச் செய்ததுதான் குற்றம், மரபு மாறக் கூடாது என்கிறார்கள்' என்று நினைக்கிறார்கள். இல்லவே இல்லை. ஆண்ட்ரியா நுயென் என்று ஒரு சமையல் எழுத்தாளர் இருக்கிறார். ஆறு வயதில், 1975-ல், குடும்பத்தோடு சைகோனை விட்டு வந்தவர். ஃபோவுக்கென்றே 2017-ல் ஒரு புத்தகம் எழுதினார், அதற்கு அமெரிக்காவின் பெரிய சமையல் விருதான ஜேம்ஸ் பியர்ட் விருதும் கிடைத்தது. அதில் அவரே கடையில் வாங்கிய சூப்பை வைத்து முக்கால் மணி நேரத்தில் முடிக்கும் கோழி ஃபோ கொடுத்திருக்கிறார். யாரும் அவரைத் திட்டவில்லை. ஏன்? எதை விடுகிறோம், எதை விடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தனியாவை வறு, இஞ்சியை வதக்கு, இது இருந்தால்தான் வாசனை வரும் என்று சொல்லித் தருகிறார். அது அவருக்கு அம்மாவிடமிருந்தும் மண்ணிலிருந்தும் வந்தது, அதையும் சொல்கிறார்.

நான் பிரியாணித் தொடரில் சொன்னதை மறுபடி சொல்கிறேன், பழைய நேயர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. மாற்றுங்கள், சுருக்குங்கள், உங்கள் வீட்டு ருசிக்கு வளையுங்கள், ஆனால் யாரிடம் கற்றீர்கள் என்று சொல்லுங்கள். சங்கீதத்தில் குரு பெயரைச் சொல்லாமல் ஒருவர் மேடையேறினால் நாம் சும்மா இருப்போமா? ஃபோ கா குறிப்பு எழுதும்போது ஒரு வியட்நாமியச் சமையல்காரரின் பெயரைச் சொல்லி, 'இவரிடம் பார்த்தேன், நான் இதை இதை மாற்றினேன்' என்று இரண்டு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்? அந்த இரண்டு வரியால் 50 லட்சம் பேரில் ஆயிரம் பேராவது அந்தச் சமையல்காரரைத் தேடிப் போவார்கள். அவருக்கு நாலு காசு வரும். பணமும் இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் குறிப்பு லட்சக்கணக்கில் ஓடும்போது, தன் பாட்டியின் சமையலையே எழுதும் வியட்நாமியப் பெண்ணிடம் பதிப்பகத்தார் 'இதை யார் வாங்குவார்கள்' என்று கேட்டால் வயிறு எரியுமா, எரியாதா?

இது இந்த ஒரு பெண்ணோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2014-ல் பிரிட்டன் சமையல்காரர் ஜேமி ஆலிவர் மேற்கு ஆப்பிரிக்காவின் ஜொலோஃப் சோற்றைச் செய்கிறேன் என்று காம்புக் கொத்தோடு செர்ரித் தக்காளியும் எலுமிச்சைத் துண்டும் வைத்தார். நைஜீரியாவும் கானாவும் எங்கள் ஜொலோஃப்தான் உசத்தி என்று எப்போதும் மல்லுக்கட்டும். அன்றைக்கு இரண்டும் ஒரே குரலில் சத்தம் போட்டன.

இப்போது கோபி மஞ்சூரியனுக்கு வருகிறேன். அம்மா, அங்கேதான் நீங்கள் என்னைப் பிடித்துவிட்டீர்கள். அதன் முன்னோடி சிக்கன் மஞ்சூரியன். 1975-ல் மும்பை கிரிக்கெட் கிளப்பில் நெல்சன் வாங் என்பவர் செய்தது என்பார்கள். அவர் கொல்கத்தாவில் பிறந்த சீனர். அதாவது, இந்தியச் சீனர் ஒருவர் நம் நாக்குக்காக உருவாக்கிக் கொடுத்தது அது. மஞ்சூரியாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவரே கொடுத்ததைச் சாப்பிடுவதில் தப்பில்லை. ஆனால் 'எந்தச் சீனர் சண்டை போட்டார்' என்று கேட்டீர்களே, யார் போடுவார்? 1962 சீனப் போரை ஒட்டி சுமார் 3,000 இந்தியச் சீனர்களை, குழந்தைகள் கிழவிகள் உட்பட, ரயிலேற்றி ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தோம். சிலர் வருஷக்கணக்கில் உள்ளே இருந்தார்கள். திரும்பி வந்தபோது வீடு, கடை எதுவும் இல்லை. நிறையப் பேர் கனடாவுக்குப் போய்விட்டார்கள். கொல்கத்தாவில் சீனர்கள் வாழ்ந்த டாங்க்ரா பகுதியில் இப்போது மிஞ்சியிருப்பது கொஞ்சம் பேர். நூடுல்ஸ் மட்டும் ஊர் ஊராகத் தள்ளுவண்டியில் இருக்கிறது. நம் குழந்தைகளுக்கு அந்த வண்டியைத் தெரியும், தேவ்லியைத் தெரியாது. சண்டை வரவில்லை என்பதால் கணக்கு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

உணவு நாடு தாண்டுவது தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தெற்கு வியட்நாமில் 'கா ரி கா' என்று கோழிக் குழம்பு வைப்பார்கள். தேங்காய்ப் பால், உருளைக்கிழங்கு, மசாலாப் பொடி, கூடவே அவர்களுடைய எலுமிச்சைப்புல். தொட்டுச் சாப்பிட ரொட்டி. இந்தியாவிலிருந்து வந்தது என்று அவர்களே சொல்கிறார்கள். மசாலாப் பாக்கெட்டிலேயே இந்தியா என்று போட்டிருக்கும். சைகோனில் நம் ஆட்கள் கட்டிய மாரியம்மன் கோயிலில் இன்று வியட்நாமியர்களும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். எடுத்துக்கொண்டார்கள், மாற்றினார்கள், எங்கிருந்து என்பதைச் சொன்னார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

உண்மையில் நான் எதிர்பார்த்த கேள்வி வேறு. இன்னும் யாரும் கேட்கவில்லை, நானே கேட்டுக்கொள்கிறேன். 'செட்டிநாடு' என்று பலகை மாட்டியிருக்கும் கடைகளில் எத்தனை பேருக்குக் கல்பாசி எது, மராட்டி மொக்கு எது என்று தெரியும்? சிவப்புப் பொடியும் மிளகும் அள்ளிப் போட்டுவிட்டால் செட்டிநாடு சிக்கன். அது ஃபோவுக்கு நடந்ததிலிருந்து எந்த விதத்தில் வேறு? காரைக்குடிப் பக்கம் ஆச்சிமார் வீட்டில் சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அங்கே காரம் முன்னால் வந்து நிற்காது, வாசனைதான் வரும். அந்தக் குழம்பில் விழும் அன்னாசிப்பூ எங்கிருந்து வருகிறது தெரியுமா? வடக்கு வியட்நாமில் லாங் சோன் மாகாண மலைகளில் அது விளைகிறது, இந்தியா அங்கிருந்து நிறைய வாங்குகிறது. நகரத்தார் சைகோனில் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், தெண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டினார்கள். ஃபோவில் போடும் அதே பூ, நம் கோழிக் குழம்பிலும் இருக்கிறது. அதனால்தான் இந்தச் சண்டையை 'யாரோ அமெரிக்கர்கள் விவகாரம்' என்று என்னால் தள்ள முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லணும். செட்டிநாட்டுக் கல்யாணங்களில் ஆயிரம் பேருக்குச் சமைத்தவர்கள் யார்? அவர்களில் எத்தனை பேர் பெயர் எந்தச் சமையல் புத்தகத்தில் இருக்கிறது? நம் சேனல்களில் 'கிராமத்து முறை' என்று போடுகிறோம். எந்தக் கிராமம், எந்த அம்மா? சொல்ல மாட்டோம். வியட்நாமியர்கள் கேட்டதை நம் ஊர் அடுப்படிப் பெண்களும் கேட்கலாம், நியாயம் அவர்கள் பக்கம்.

கோயம்புத்தூர் சகோதரி, உங்களுக்கு. ஃபோ போடுங்கள், கோழியிலேயே தொடங்குங்கள், மாட்டெலும்பைவிடச் சீக்கிரம் முடியும். முதலில் வியட்நாமியர் இரண்டு மூன்று பேர் செய்து காட்டுவதைப் பாருங்கள், அவர்கள் பெயரை வீடியோவின் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள், கீழே எழுதினால் யாரும் படிப்பதில்லை. இஞ்சியையும் வெங்காயத்தையும் நெருப்பில் காட்டுவதை விடாதீர்கள். மீன் சாஸ் கிடைக்காவிட்டால் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் மாற்றினேன் என்று சொல்லுங்கள். உங்கள் ருசிக்குச் சாம்பார் பொடி போடத் தோன்றினால் போடலாம், அப்போது அதற்குக் கோழி நூடுல்ஸ் சூப் என்று பெயர் வையுங்கள். வீடியோ போட்டதும் எனக்கு இணைப்பை அனுப்புங்கள், அடுத்த பேச்சில் எல்லோருக்கும் சொல்கிறேன்.