லேப்டாப் ஸ்கிரீன்ல கட்டம் கட்டமா கறையா? தண்ணியைத் தொடறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம் மக்களே, காட்பாடியிலருந்து பேசறேன். இந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் சாய்க்கறேன், பாருங்க. ஆஃப் பண்ணி, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி வச்சாதான் இது நல்லாத் தெரியும். சின்னச் சின்னதா கட்டம், நடுவுல நீளமா ஒண்ணு. அந்த நீளமானது ஸ்பேஸ் பார். மொத்தமும் கீபோர்டோட அச்சு!

விரல்ல இருக்கற எண்ணெய்ப் பசை கீ மேல ஏறுது, மூடினதும் ஸ்கிரீனுக்குப் போயிடுது. நம்ம வேலூர் வெயில்ல வேர்வை வேற. அதனால ஸ்கிரீனை மட்டும் துடைச்சா ரெண்டே நாள்ல திரும்ப வந்துடும், கீபோர்டையும் சேர்த்துத் துடைங்க. ஆற்காட்டு மக்கன் பேடா சாப்ட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு டைப் பண்ணுங்க, சும்மா துடைச்சா அந்தப் பாகு போகாது.

இப்ப துடைக்கறது. சார்ஜரைக் கழட்டிடுங்க. மைக்ரோஃபைபர் துணி, அதான் மூக்குக்கண்ணாடிக் கடையில குடுப்பாங்களே, அது போதும். முதல்ல ஈரமில்லாம, அழுத்தாம தூசியைத் தட்டுங்க. மணல் துகளோட தேய்ச்சா ஸ்கிரீன் மேல இருக்கற மெல்லிசான கோட்டிங்ல கீறல் விழும், அது எதுக்கும் போகாது. டிஷ்யூ பேப்பரும் வேணாம்.

அடுத்து தண்ணி. இதைத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். நம்ம ஊர்ல நிறைய வீட்ல போர் தண்ணி, உப்பு. பக்கெட்ல வெள்ளையாப் படியுது இல்ல? அதே படிவு ஸ்கிரீன்லயும் காயும். இன்வெர்ட்டருக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டர் பேட்டரிக் கடையில கிடைக்கும், அதை வாங்குங்க. துணியில கொஞ்சமா நனைச்சு, நல்லாப் பிழிஞ்சுட்டுத் துடைங்க. ஸ்கிரீன் மேல நேரா ஸ்ப்ரே பண்ணாதீங்க. வழிஞ்சு கீழ் விளிம்புக்குள்ள போனா டிஸ்ப்ளேவே போயிடும். அம்மோனியா கலந்த ஜன்னல் கிளீனர், நெயில் பாலிஷ் ரிமூவர் ரெண்டும் கோட்டிங்கை அரிச்சுடும். பிடிவாதமான பசைன்னா 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், அதுவும் உங்க மாடலுக்கு ஆகுமான்னு கம்பெனி கையேட்டுல பார்த்துட்டு.

காலையில சென்னை ரயில்ல நெரிசல்ல போறவங்களே, லேப்டாப் மூடி மேல டிபன் பாக்ஸ் அழுத்தற மாதிரி பையை அடுக்காதீங்க. அழுத்தம் பட்டா ஸ்கிரீன் வளைஞ்சு கீ மேல உரசும். சிலிகான் கீபோர்டு கவர் போட்டிருந்தா, மூடும்போது எடுத்துடுங்க. மூடினா ஸ்கிரீனுக்கும் கீபோர்டுக்கும் நடுவுல இடைவெளி ரொம்பக் கம்மி. ஸ்கிரீனை ஆன் பண்ணினா வெள்ளையா ஒளிர்ற திட்டு தெரியுதா? அது உள்ள அழுந்தினது, துடைச்சுப் பிரயோஜனமில்ல. சர்வீஸ்ல காட்டுங்க.